தோளுக்கு ஏற்ற சுமை



ஒரு கிறிஸ்தவக் கல்லூரி. அதே வளாகத்துக்குள் ஒரு மழலையர் பள்ளி. இரண்டையும் நடத்துவது ஒரே நிர்வாகம். இரண்டிலும் அறிவிக்கப்படுவது ஒரே நற்செய்தி. ஆனால், கல்லூரியின் வாசலில் நுழைகிறவர் கையில் முதலில் தரப்படுவது சட்டதிட்டங்களின் பட்டியல். மழலையர் பள்ளியின் வாசலில் நுழைகிறவருக்கு முதலில் கிடைப்பது ஒரு மடி.

ஒரே ஆண்டவரின் பெயரால் ஓரிடத்தில் கண்டிப்பும், நூறு அடி தள்ளி மற்றோரிடத்தில் கனிவுமா? இதில் எது கிறிஸ்தவ வளர்ப்பு? பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைப் பெற்றிருக்கும் நாம் எல்லாரும் இக்கேள்வியை இன்று எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 'வேலைக் கல்லூரிகள்' என்று சில உண்டு. விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே படிக்கிற ஒவ்வொருவரும், ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றி, கல்லூரிக்காக உழைத்தாக வேண்டும். திருத்தூதர் பணிகள் நூலில் வரும் பெரோயா நகரின் பெயர் தாங்கிய பெரியா கல்லூரி அவற்றுள் ஒன்று. அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்ற போதகர் 1855-இல் கென்டக்கி மாநிலத்தில் அதைத் தொடங்கினார். 1892 முதல் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. மாணவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்கிறார்கள்.

மிசூரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதியில் உள்ள காலேஜ் ஆஃப் தி ஓசார்க்ஸ் இன்னும் கண்டிப்பானது. பிரஸ்பிட்டேரியன் சபையின் மறைபணியாளர் ஜேம்ஸ் ஃபோர்சைத், 1901-இல் மலைச்சரிவில் அணில் வேட்டையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவனைச் சந்தித்தார். மேலே படிக்கவைக்க வீட்டில் வசதியில்லை என்றான் பையன். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் இந்த நிறுவனம் என்று அதன் வரலாறு சொல்கிறது. 1907-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. 1915-இல் தீயில் அழிந்து, வேறிடத்தில் மீண்டும் எழுந்து, பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தது.

அங்கே மாணவர்கள் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அதோடு ஆண்டுக்கு இரண்டு முறை 40 மணி நேர முழு வேலை வாரம் உண்டு. கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 560 மணி நேரம். பால் பண்ணையில் மாடு கறக்கிறார்கள். தண்ணீரால் சுழலும் ஆலையில் மாவரைக்கிறார்கள். கேக் சுடுகிறார்கள், தறி நெய்கிறார்கள், விருந்தினர் விடுதியில் பாத்திரம் கழுவுகிறார்கள். வளாகத்தின் தீயணைப்புப் படையில்கூட மாணவர்களே இருக்கிறார்கள். உழைப்புக்கு ஈடாகக் கல்விக் கட்டணம் தீர்ந்துவிடுகிறது. கடன் வாங்கிப் படிக்க வேண்டாம் என்பது அக்கல்லூரியின் உறுதியான கொள்கை. 'கடும் உழைப்புக் கல்லூரி' என்ற பொருளில் ஒரு நாளேடு 1973-இல் அதற்கு ஒரு பட்டப்பெயரே சூட்டியது.

உழைப்பு மட்டும் போதாது. வேலைக்கும் தேர்வைப் போலவே மதிப்பெண் உண்டு. உடைக்கு ஒழுங்கு உண்டு. விடுதிக்குத் திரும்ப நேரம் உண்டு. மதுவுக்கு இடமில்லை. ஆலய வழிபாட்டில் குறிப்பிட்ட எண்ணிக்கை தவறாமல் பங்கேற்க வேண்டும். பதினெட்டு வயதில் வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே வருகிற ஒருவருக்கு இது எப்படி இருக்கும்? சிலருக்கு இது விடுதலை. தன் படிப்பைத் தன் கைகளாலேயே சம்பாதித்தேன், யாருக்கும் கடன்படவில்லை என்ற நிமிர்வு அவர்களுக்குக் கிடைக்கிறது. வேறு சிலருக்கு இது நெருக்கடி. உடல்நலமில்லாத நாளிலும் வேலை மதிப்பெண்ணை நினைத்துப் பயம். மனம் வராத நாளிலும் எண்ணிக்கைக்காக ஆலயம். இந்த இரண்டு அனுபவங்களும் உண்மையே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இப்போது அதே வளாகத்தின் அடுத்த கதவைத் திறப்போம். குழந்தைகள் மையம். மாணவர்கள் தங்கள் வேலை நேரத்தைச் செலவிடும் இடங்களில் இதுவும் ஒன்று. பெரியா கல்லூரியிலும் இத்தகைய மையம் உண்டு. இதுபோன்ற மையங்களில் நாற்காலி குழந்தையின் முழங்கால் உயரத்துக்குத்தான் இருக்கும். மணலும் தண்ணீரும் மரக்கட்டைகளும்தான் பாடப்புத்தகம். பால் சிந்தினால் திட்டு விழாது. துடைக்க ஒரு துணி கையில் தரப்படும். பேசுகிற பெரியவர் முழங்காலிட்டு, குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கிப் பேசுவார். அழுதால் தூக்கிக்கொள்வார்.

ஒரு மாணவியை மனத்தில் கொண்டுவாருங்கள். காலையில் அவள் ஐந்து நிமிடம் தாமதித்தால் கணக்குக் கேட்கப்படும். பிற்பகலில் அவளிடம் வரும் மூன்று வயதுக் குழந்தை செருப்பு மாட்டவே பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். அவள் காத்திருக்க வேண்டும். ஒழுங்குக்குக் கட்டுப்படுகிறவளும் அவள்தான். பொறுத்துப்போகிறவளும் அவள்தான்.

இதை முரண்பாடு என்று சொல்லிவிட முடியுமா? கொஞ்சம் உற்றுப் பார்த்தால், இரண்டு கதவுகளுக்கு உள்ளேயும் வேலைதான் நடக்கிறது. மரியா மொந்தெசோரி அம்மையார் இதைத் தெளிவாகக் கண்டார். ஓசார்க் பள்ளி தொடங்கிய அதே 1907-ஆம் ஆண்டு, சனவரி 6-ஆம் நாள், உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்காகத் தம் முதல் 'குழந்தைகள் இல்லத்தை' அவர் திறந்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தார். தண்ணீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது, தரையைப் பெருக்குவது, பொத்தான் மாட்டுவது ஆகியவற்றைக் குழந்தைகள் விரும்பிச் செய்வதை அவர் கவனித்தார். பெரியவர் தரையைப் பெருக்குவது தரை சுத்தமாவதற்காக. குழந்தை பெருக்குவது தான் வளர்வதற்காக. ஆகவே அதற்கு மதிப்பெண்ணும் தேவையில்லை, அவசரமும் தேவையில்லை. தன் கையளவு துடைப்பமும், பக்கத்தில் பொறுமையான ஒரு பெரியவரும் போதும்.

அப்படியானால் கண்டிப்பா கனிவா என்ற கேள்வியை நாம் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். இந்தச் சுமை இந்தத் தோளுக்கு ஏற்றதா? இதுதான் சரியான கேள்வி.

திருவிவிலியம் இதையே நமக்குக் கற்பிக்கிறது. பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஏழாம் வசனத்தில் அவர் தம்மைக் குழந்தைகளைப் பேணி வளர்க்கும் தாய்க்கு ஒப்பிடுகிறார். ஒன்பதாம் வசனத்தில், யாருக்கும் சுமையாக இராதபடி இரவும் பகலும் பாடுபட்டு உழைத்ததை நினைவூட்டுகிறார். பதினோராம் வசனத்தில், பிள்ளைகளுக்கு அறிவுரை கூறும் தந்தையாகப் பேசுகிறார். தாயின் மடியும், உழைப்பாளியின் வியர்வையும், தந்தையின் கண்டிப்பும் ஐந்தே வசனங்களுக்குள் ஒரே மனிதரிடம் இருக்கின்றன. பவுலடியாருக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. எல்லாம் ஒரே அன்பின் வேலை.

தொடக்கநூல் 33-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு வருகிறார். அண்ணன் ஏசா, வா, சேர்ந்தே போவோம் என்று அழைக்கிறார். யாக்கோபு பணிவோடு மறுக்கிறார். பிள்ளைகள் இளையவர்கள், கறவை ஆடுமாடுகளும் இருக்கின்றன, ஒருநாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துபோகும், பிள்ளைகளின் நடைக்கு ஏற்ப மெதுவாக வருகிறேன் என்கிறார். பயணத்தை அவர் கைவிடவில்லை. வேகத்தைத்தான் மாற்றினார்.

புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் துறவியருக்கு ஒழுங்குகள் வகுத்தபோது, மடத்துத் தலைவருக்கு யாக்கோபின் இந்த நடையைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார். சோம்பல் ஆன்மாவின் பகைவன் என்று கற்பித்து, நாள்தோறும் கைவேலைக்கு நேரம் குறித்தவர் அவர். அதே ஒழுங்கு நூலின் 37-ஆம் அதிகாரத்தில் முதியவர்களையும் சிறுவர்களையும் தனியாக நினைவுகூர்கிறார். உணவு நேரத்தில் அவர்கள் மீது முழுக் கண்டிப்பு வேண்டாம், அவர்களின் பலவீனத்தை எப்போதும் கருத்தில் கொள்ளுங்கள் என்கிறார். ஒழுங்கு எழுதிய அதே கைதான் விலக்கும் எழுதியது.

அன்பார்ந்தவர்களே, இந்த அளவுகோலோடு நம் வீட்டுக்குள் பார்ப்போம். நாம் பெரும்பாலும் சுமையைத் தலைகீழாக ஏற்றிவைக்கிறோம். எல்.கே.ஜி. படிக்கும் குழந்தைக்கு வீட்டுப்பாடம், டியூஷன், மதிப்பெண், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு. பென்சில் பிடிக்க விரல் இன்னும் திரளாத வயதில் அழ அழ எழுதவைக்கிறோம். அதே வீட்டில் இருபது வயது மகன் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறான். பாவம், படிக்கிற பிள்ளை என்கிறோம். அவனுடைய தங்கை அந்தத் தட்டையும் சேர்த்துக் கழுவுகிறாள். விளையாட வேண்டிய தோளில் மூட்டை. மூட்டை தாங்கக்கூடிய தோளில் பூமாலை. பின்னாளில் மகனுக்குப் பொறுப்பில்லையே என்று நாமே கண்ணீர் விடுகிறோம்.

நாம் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, சிறு பிள்ளைகளுக்கு மடியையும் விளையாட்டையும் திருப்பிக் கொடுப்போம். வேலையே வேண்டாம் என்பதல்ல. குடித்த குவளையைக் கொண்டுபோய் வைக்கட்டும், கைக்குட்டையை மடிக்கட்டும், இரவு செபத்தில் மெழுகுதிரியை ஊதி அணைக்கட்டும். அவசரப்படுத்தாமல் நாம் பக்கத்தில் நிற்போம். பங்கு விழாவிலும் ஐந்து வயதுப் பிள்ளைகளை அலங்கரித்து மணிக்கணக்கில் நிற்கவைக்காதிருப்போம்.

இரண்டாவது, வளர்ந்த பிள்ளைகளுக்கு உண்மையான வேலை கொடுப்போம். சமையலறையிலும் ஆண் பெண் வேறுபாடு வேண்டாம். பாட்டிக்கு நேரத்துக்கு மாத்திரை கொடுப்பது, ரேஷன் கடைக்குப் போவது, மின்கட்டணம் கட்டுவது இவை அவர்கள் பொறுப்பில் இருக்கட்டும். குடும்பத்தின் வரவும் கடனும் அவர்களுக்குத் தெரியட்டும். உழைப்பு மனிதருக்காகவே, மனிதர் உழைப்புக்காக அல்லர் என்று திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய சுற்றுமடலில் கற்பித்தார். வேலையைக் கொடுப்பது அவர்களை வதைப்பதற்காக அல்ல. அவர்களை மனிதராக மதிப்பதால்தான்.

மூன்றாவது, ஒழுங்கை விதிக்கிற நாமும் அந்த ஒழுங்குக்குள் நிற்போம். கைப்பேசியை வைத்துவிட்டுப் படி என்று சொல்கிறவரின் கையில் கைப்பேசி இருந்தால் அச்சொல் எடுபடாது. ஒழுங்கைத் தாங்க முடியாமல் தடுமாறுகிற பிள்ளை இருந்தால், ஏன் என்று ஒருமுறை உட்கார்ந்து கேட்போம். கேட்கப்படாத பிள்ளைக்கு நல்ல சட்டமும் சிறையாகிவிடும். இளைஞரை அன்பு செய்தால் மட்டும் போதாது, தாங்கள் அன்பு செய்யப்படுகிறோம் என்பதை அவர்கள் உணர வேண்டும் என்று புனித தொன் போஸ்கோ 1884-இல் உரோமையிலிருந்து தம் சபையினருக்கு எழுதியதும் இதைத்தான்.

நம் ஆண்டவரும் நாசரேத்தில் தச்சராகக் கைகள் காய்த்துப்போக உழைத்தவர். சீடர்களிடம் சிலுவையைச் சுமந்துகொண்டு பின்னே வரச் சொன்னவர். அதே ஆண்டவர், குழந்தைகள் தம்மிடம் வந்தபோது எதையும் சுமக்கச் சொல்லவில்லை. அவர்களை அணைத்துக்கொண்டார்; அவர்கள் மேல் கைகளை வைத்து ஆசி வழங்கினார்.

யாருக்குச் சிலுவை, யாருக்கு மடி என்று அறிந்துகொள்ளும் ஞானத்தை இறைவன் நம் குடும்பங்களுக்கும் பள்ளிகளுக்கும் நம் பங்குக்கும் தந்தருள்வாராக. ஆமென்.