எடை பார்க்கும் நாளைத் தவற விடாதீர்கள்

குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது, மாதாமாதம் அங்கன்வாடிக்குத் தூக்கிப்போய் எடை பார்ப்பது எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். சத்துக்குறைவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல்தான் தொடங்கும். உடம்பு மெலிவதற்கு முன்பே எடை ஏறுவது நின்றுவிடும். அதை முதலில் காட்டுவது தராசுதான்.

இதனால் பலன் உண்டா? உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை அந்தந்த ஊர்ப் பெண்களே மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் 90 நாள் கூடுதல் சத்துணவு, தாய்க்கு ஆலோசனை. திட்டம் நடந்த ஊர்களில் கடுமையான சத்துக்குறைவு கணிசமாகக் குறைந்தது.

மாத எடையைக் குறிக்கும் அட்டையில் எதைப் பார்ப்பது? வளர்ச்சிக் கோட்டை (மாத எடைகளைச் சேர்த்து வரையும் கோடு). ஏறினால் நல்லது. படுத்துக்கிடந்தாலோ இறங்கினாலோ அன்றே காரணம் கேளுங்கள். “எங்கள் வீட்டில் எல்லோருமே ஒல்லி” என்று விட்டுவிடாதீர்கள். ஒல்லியான குழந்தைக்கும் கோடு ஏறத்தான் வேண்டும்.

கையைச் சுற்றி நாடா வைத்து அளக்கிறார்களே, அது எதற்கு? 6 மாதம் முதல் 5 வயதுக்குள் மேல்கையின் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் ஆபத்து. தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

சத்துமாவு கொடுத்தால் போதுமா? போதாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோடு சத்துமாவு, குழைத்த பருப்புச்சோறு, முட்டை, கீரை, பழம். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், சத்து தராது. கரண்டியில் நிற்கும் பதத்தில், கொஞ்சம் எண்ணெய் சேர்த்து, சிறிது சிறிதாகப் பல வேளை ஊட்டுங்கள். குழந்தைக்கான மாவை வீட்டில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டால் குழந்தைக்கு அளவு குறைந்துபோகும்.

வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்தலாமா? கூடாது. தாய்ப்பாலும் உணவும் தொடரட்டும். கூடவே ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரை கலந்த கரைசல்) கொடுங்கள். கிராம சுகாதார செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு இடையில் நின்றாலும் நிறுத்தாமல் 14 நாள் முழுக்கக் கொடுங்கள். அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, சாப்பிட்ட சத்தை உடம்பில் சேரவிடாது. அதனால் ஊட்டுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் குழந்தையின் எடையைக் காக்கும்.

வேலைக்குப் போகும் நாளாக இருந்தால்? பாட்டியிடம் குழந்தையையும் அட்டையையும் கொடுத்து அனுப்புங்கள். திரும்பியதும் எடை எவ்வளவு, என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். முதல் 2 வயதுக்குள் விட்டுப்போன வளர்ச்சியைப் பின்னால் ஈடுகட்டுவது கடினம். ஆகவே இந்த மாத எடையை இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.