மழை விடுமா?

மார்கழி பிறக்கும் வேளையில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகிறது. அது புயலாக வலுப்பெறுவதில்லை. இரண்டு நாள் கடலிலேயே தயங்கி நின்றுவிட்டுக் கலைந்து போகிறது. தொலைக்காட்சிகளுக்கு அது பெரிய செய்தி அல்ல. ஆனால், கடலோர மாவட்டங்களில் நான்கைந்து நாள்களுக்குச் சூரியனைப் பார்க்க முடிவதில்லை. வெள்ளம் இல்லை, பள்ளிகளுக்கு விடுமுறையும் இல்லை. காலை ஏழு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் வேறுபாடு தெரியாத சாம்பல் நிற வானம், நசநசவென்று தூறல், கொடியிலேயே கிடந்து வாடை வீசும் துணி, ஜாடியில் நீர்த்துப்போன உப்பு. அவ்வளவுதான்.

இத்தகைய நாள்களில் தெருவில் இருவர் எதிர்ப்பட்டால் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது நாம் அறிந்ததே. "மழை விடாது போலிருக்கே!" என்பார் ஒருவர். "இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்குமாம்" என்பார் மற்றவர். இருவருக்கும் மேலே இருப்பது ஒரே வானம். இருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் வானிலை அறிக்கையும் இருக்கிறது. ஒருவருக்குத் தெரியாத எதையும் மற்றவர் சொல்லிவிடவில்லை. ஆயினும் நாள் தவறாமல் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது.

இதற்கு விளக்கம் தேடியவர்களுள் முதன்மையானவர் போலந்தில் பிறந்த மானுடவியல் அறிஞர் மலினோவ்ஸ்கி. பசிபிக் பெருங்கடலில் உள்ள டிரோபிரியாண்ட் தீவு மக்களிடையே வாழ்ந்து ஆய்வு செய்த அவர், 1923-இல் எழுதிய கட்டுரையொன்றில், மனிதப் பேச்சில் ஒரு பகுதி கருத்தைத் தெரிவிப்பதற்காக நிகழ்வதே இல்லை என்றார். நலம் விசாரிப்பதும் வானிலையைப் பற்றிச் சொல்வதும் அவ்வகை. அவற்றின் வேலை இருவரிடையே உறவின் இழையை அறுபடாமல் வைத்திருப்பது மட்டுமே. அருகில் நிற்கும் ஒருவரின் மௌனம் மனிதனை அச்சுறுத்துகிறது. ஏதேனும் ஒரு சொல் அந்த அச்சத்தைப் போக்குகிறது என்பது அவர் கருத்து. ஆங்கிலேயர் இருவர் சந்தித்தால் முதல் பேச்சு வானிலை பற்றியதே என்று சாமுவேல் ஜான்சன் 1758-லேயே எழுதிவிட்டார். நம் டீக்கடைகளைப் பார்த்திருந்தால், அதை ஆங்கிலேயருக்கு மட்டுமே உரிய பழக்கமாக அவர் எழுதியிருக்க மாட்டார்.

சிகாகோ நகரில் புறநகர் ரயில் பயணிகளிடம் உளவியல் ஆய்வாளர்கள் இருவர் நடத்திய சோதனை 2014-இல் வெளியானது. பக்கத்து இருக்கையில் இருக்கும் அந்நியருடன் பேசிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று கேட்டபோது, தொல்லையாகத்தான் இருக்கும் என்று பயணிகள் கருதினர். ஆனால், உண்மையிலேயே பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள், தனியே அமர்ந்து சென்றவர்களைவிடப் பயணம் இனிமையாக இருந்ததாகச் சொன்னார்கள். பேச்சு நமக்கு எவ்வளவு தேவை என்பதை நாமே குறைத்து மதிப்பிடுகிறோம்.

மூட்டமான நாள்களில் இந்தத் தேவை ஏன் கூடுகிறது என்பதற்கு வானத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே தருகிறது. தாழ்வுப் பகுதி கரைக்கு அப்பால் நிற்கும்போது, கிழக்கிலிருந்து வீசும் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து தாழ்வான மேகங்களாகப் பரப்பிவிடுகிறது. அந்த மேகப் போர்வை பகலில் வெயிலைத் தடுக்கிறது. இரவில் நிலத்தின் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. எனவே பகலுக்கும் இரவுக்குமான வெப்ப வேறுபாடு மூன்று நான்கு டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் துணியிலுள்ள ஈரத்துக்குப் போக இடமில்லை. பகல் வெப்பம் 25 டிகிரி என்றால் லண்டன்வாசி அதைக் கோடை என்று கொண்டாடுவார். சென்னைவாசி காதில் மப்ளரைச் சுற்றிக்கொள்கிறார்.

குளிர்காலச் சோர்வு என்பதை ஒரு நோய்நிலையாக அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் 1984-இல் வரையறுத்தனர். அதை அப்படியே இங்கே பெயர்த்துக்கொண்டு வந்துவிட முடியாது. லண்டனில் டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. சென்னையில் அதே நாளில் பகல் பதினொரு மணி நேரத்துக்கும் மேல். நம்முடைய சோர்வுக்கு, வெளிச்சம் இல்லாததைவிட, வெளியே போகாததே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. குழல்விளக்கு எரியும் அறையின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் மட்டுமே. மேகம் மூடிய வானத்தின் கீழ் நடுப்பகலில் அது பல ஆயிரம் லக்ஸ். குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை போய் வருபவருக்குப் பன்மடங்கு வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. பேச ஓர் ஆளும் கிடைத்துவிடுகிறார்.

இத்தகைய நாள்களின் வாழ்க்கையை மிக நுட்பமாகப் பதிவு செய்த நூல் நம்மிடமே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, கூதிர் காலத்தின் ஓயாத தூறலில் ஓர் ஊர் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டுகிறது. மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்துவிட்ட இடையர்கள் நெருப்பைச் சுற்றி நின்று நடுங்குகிறார்கள். விசிறிகள் பயனற்றுத் தொங்குகின்றன. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. பொழுது தெரியாமல் வீட்டுப் புறாக்கள் இரை தேடவும் போகாமல் கால் மாற்றி நிற்கின்றன. பெண்களோ தட்டில் இட்டு வைத்த பிச்சி மொட்டுகள் மலர்ந்து மணம் பரப்புவதைக் கொண்டே மாலை வந்துவிட்டதை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். அரண்மனையில் அரசி பிரிவால் வருந்துகிறாள். பாசறையில் அரசனோ, நள்ளிரவில், வாடை விளக்குகளை அலைக்கழிக்க, தூறலில் நனைந்தபடி புண்பட்ட வீரர்களைத் தேடித்தேடிச் சென்று பார்க்கிறான். அந்த இரவில் அவன் அவர்களிடம் பெரிதாக என்ன பேசியிருக்க முடியும்? வந்து நின்றதும் முகம் பார்த்ததுமே பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு மூட்டம் எங்கள் அடுக்ககத்தையும் கவிந்திருந்தது. குடியிருப்போர் வாட்ஸ்ஆப் குழுவில் மணிக்கு ஒரு ரேடார் படம் வந்துகொண்டிருந்தது. எந்தப் பகுதிக்கு எப்போது மேகம் வரும் என்று துல்லியமாகச் சொல்லும் தன்னார்வ வானிலை ஆர்வலர்களின் பதிவுகளும் தவறாமல் பகிரப்பட்டன, நானும் பகிர்ந்தேன். மேல்தளத்தில் தனியே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு நாள்களாகக் கீழே இறங்கவில்லை என்பதை எங்களில் எவரும் கவனிக்கவில்லை. கவனித்தவர் வாசலில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்ப்பவர். "பெரியவர் தினமும் காலையில வந்து 'மழை விடுமாப்பா'ன்னு கேட்டுட்டுதான் பால் வாங்கப் போவார். நேத்தும் காணோம், இன்னைக்கும் காணோம். என்னன்னு போய்ப் பாருங்க சார்" என்றார். கதவைத் தட்டியபோது பெரியவர் கடும் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். நல்லவேளையாக மருத்துவமனைக்கு உரிய நேரத்தில் கொண்டுசேர்க்க முடிந்தது. வானிலை பற்றி எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கேள்வி வரவில்லை என்பது தேய்ப்பவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, தமிழக மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் சுமார் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, இங்கே தனித்திருக்கும் முதியவர்கள் எத்தனையோ பேர். பகலெல்லாம் கதவு மூடிக் கிடக்கும் மழை நாள்களில், பால்காரரும் பூக்காரம்மாவும் தேய்ப்பவரும் கேட்கிற இரண்டு வார்த்தைதான் அவர்களில் பலருக்கு அன்றைய முழுப் பேச்சு. பாலையும் பூவையும் செயலி வழியே வாசலில் வைத்துவிட்டுப் போகும் ஏற்பாடு வசதியானதுதான். அதில் இந்த இரண்டு வார்த்தைக்கு இடமில்லை.

அதே கேள்வி எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதும் இல்லை. பெரியவர் "மழை விடுமாப்பா" என்று கேட்டது பொழுதுபோக்கு. அதற்குத் தேய்ப்பவர் சொல்லும் பதிலில் அவருடைய அன்றைய அடுப்பு இருக்கிறது. துணி காய்ந்தால்தானே தேய்க்க வரும்? கரியும் நமத்துப் போயிருக்கும். கொத்தனார், சித்தாள், பெயின்டர், நடைபாதை வியாபாரி என்று எல்லோருக்கும் இதே நிலைதான். வானிலை ஆய்வு மையத்தின் அளவுகோலில் ஒரு நாளில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை பெய்வது 'லேசான மழை'. அதற்கு மஞ்சளும் இல்லை, ஆரஞ்சும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆனால், அந்த லேசான மழை பகல் முழுதும் பரவிப் பெய்தால் ஒரு பூச்சு வேலை நின்றுவிடுகிறது. ஒரு நாள் கூலி போய்விடுகிறது. வெள்ளம் வந்தால் நிவாரணம் பற்றிப் பேசுகிறோம். நான்கு நாள் தூறலில் போன நான்கு நாள் கூலியை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. விதிவிலக்காக, உற்பத்தி நின்றுபோகும் மழை மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. உப்பளத்துக்குப் பொருந்தும் நியாயம் சாரம் கட்டி வேலை செய்பவருக்கும் தள்ளுவண்டிக்கும் ஏன் பொருந்தாது என்ற கேள்வியை அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

ஆறாம் நாள் வானம் வெளிவாங்கியது. மாடிக் கொடிகள் எல்லாம் நிறைந்துவிட, மிச்சத் துணியைக் கைப்பிடிச் சுவரிலும் காயப்போட்டிருந்தார்கள். மாலைக்குள் தள்ளுவண்டியில் மூட்டைகள் குவிந்துவிட்டன. தேய்ப்பவர் தலை நிமிரவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் பெரியவர் மெல்லப் படியிறங்கி வந்தார். வண்டியருகே நின்று, கையை நெற்றிக்கு மேல் வைத்து வானத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மார்கழியிலேயே இப்படிச் சுள்ளுன்னு அடிக்குது!" என்றார்.