சோறு ஓரத்துக்கு, மீன் நடுவுக்கு

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் முதலில் மாறுவது அரிசிதான். இரவுச் சோறு சப்பாத்தியாகும், காலை இட்லி கேழ்வரகுக் கஞ்சியாகும், டீக்குத் துணையாக ‘டயாபடிக்’ என்று அட்டையில் அச்சிட்ட பிஸ்கெட் வரும். பல வீடுகளில் இவ்வளவு மாற்றத்துக்குப் பிறகும் இரத்தச் சர்க்கரை அதிகம் அசைவதில்லை. சாப்பாட்டின் மேல் இருந்த ஆசை மட்டும் வற்றிப்போகிறது. இரண்டு தோல்விகளுக்கும் காரணம் ஒன்றே. ஒரு தானியத்தை எடுத்துவிட்டு அதே அளவில் இன்னொரு தானியத்தை வைக்கிறோம். நடுவில் மாவுச்சத்து, ஓரத்தில் கறியும் குழம்பும் என்ற தட்டின் அமைப்பு அப்படியே இருக்கிறது. அந்த அமைப்பைத் திருப்பிப் போட்டால் சர்க்கரையும் இறங்கும், ருசியும் தங்கும். அதற்கு வேண்டியவை வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தச் சமையலறைக்கும் புதியவை அல்ல.

தானியத்துக்குத் தானியம் மாற்றாகுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காடு. அதே ஆய்வுக் குழு 2025-இல் உணவைப் பற்றி வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. இந்தியர் உண்ணும் மொத்தக் கலோரியில் சராசரியாக 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக் கோதுமையோ சிறுதானிய மாவோ உண்டாலும், மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாதவரை நோய்க்கான வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மொத்தக் கலோரியில் 5 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் வாய்ப்பு குறைந்து காணப்பட்டது.

கணக்கைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. தீட்டிய அரிசி நூறு கிராமில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகில் சுமார் 67 கிராம். கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச்சத்தும் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் மாவாக அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, பெரிய சொம்பில் குடித்தால் அது இரத்தத்தில் ஏறும் வேகம் சோற்றுக்கு அதிகம் பின்தங்காது. 21 நாடுகளில் 1,32,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த பியூர் ஆய்வு 2020-இல் இன்னொன்றையும் காட்டியது. தெற்காசியாவில் நாளுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு உண்போருக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்போரைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 விழுக்காடு அதிகம். 450 கிராம் என்பது மதியம் இரண்டு கப்பும் இரவு ஒரு கப்பும்தான். பெருந்தீனி என்று யாரும் சொல்லாத அளவு.

இவை மக்களைக் கவனித்துச் செய்த ஆய்வுகள், காரணத்தை ஐயமற நிறுவுபவை அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். சரியான மறுப்புதான். ஆனால் ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு வேறு வகைச் சான்றும் உண்டு. உணவுமுறைச் சோதனைகளை எல்லாம் பரிசீலித்த அமெரிக்க நீரிழிவுச் சங்கம், இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதற்கு மிகுந்த சான்று இருப்பது மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைப்பதற்கே என்று 2019-இல் அறிவித்தது. திசை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறது.

ராயபுரத்திலிருந்தே ஒரு மறுப்பு

இந்தியாவில் நீரிழிவு மருத்துவத்தின் தந்தை எனப்படும் பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954-இல் தம் மருத்துவமனையைத் தொடங்கியது ராயபுரத்தில். அவரே மாவுச்சத்து மிகுந்த உணவை நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தவர் ஆயிற்றே என்று விவரம் அறிந்தவர்கள் கேட்பார்கள். அவர் பரிந்துரைத்ததன் முழுப் பெயர் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவு. அதன் பாதி பலம் நாரில் இருந்தது. முழுத் தானியம், பயறு, கீரை, காய் ஆகியவை சேர்ந்த தட்டு அது. நார் எடுத்த அரிசியை மேட்டுச் சோறாகக் கொட்டிக்கொள்வதற்கு அது சான்றாகாது. மேலும், அன்று மாற்றாக நின்றது கொழுப்பு மிகுந்த மேலைநாட்டு உணவுப் பட்டியல். நம்மவர்களால் அதை நெடுநாள் பின்பற்ற முடியவில்லை. உள்ளூர்க்காரர் தொடர்ந்து உண்ணக்கூடிய உணவே மருந்தாகும் என்பதே அந்தப் பணியின் நிலைத்த பாடம். இன்றைய சான்றுகள் அதோடு ஒரு திருத்தத்தைச் சேர்க்கின்றன: நாரைக் கூட்டினால் போதாது, மாவையும் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கும் விடை உண்டு. அண்மையில் நோய் கண்டறியப்பட்டவர்கள் அதிலிருந்து மீள, கலோரியில் 49 முதல் 54 விழுக்காடு மாவுச்சத்தும் ஏறத்தாழ 20 விழுக்காடு புரதமும் போதும் என 18,000 இந்தியரின் உணவுத் தரவுகளைக் கொண்டு இண்டியாப் குழு 2022-இல் கணித்தது. சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. அளவைக் குறைக்கத்தான் சொல்கிறது.

ருசி குழம்பில் இருக்கிறது

‘சோற்றைக் குறைத்தால் சாப்பிட்ட திருப்தி வராது’ என்பதே பெரிய மறுப்பு. ஆனால் நாம் நினைத்து ஏங்கும் ருசியில் பெரும்பகுதி புளி, காரம், பூண்டு, எண்ணெய், மீன் ஆகியவற்றின் ருசி. சோறு அதை ஏந்தி வரும், வயிற்றை நிரப்பும். காசிமேட்டில் இறங்கும் சங்கரா, நெத்திலி, காரப்பொடி, மத்தி, காணாங்கெளுத்தி, கடம்பா எதை எடுத்தாலும் மாவுச்சத்து இல்லை அல்லது இல்லாததற்குச் சமம். பெரும்பாலான மீன்களில் நூறு கிராமுக்குச் சுமார் 18 முதல் 20 கிராம் புரதம். இரண்டு துண்டு மீனும் நிறையச் சோறும் என்றிருந்த தட்டை நான்கு துண்டும் ஒரு பெரிய கரண்டிப் பொரியலும் கொஞ்சம் சோறுமாக மாற்றினால் வயிறு பட்டினியை உணராது. இதில் சமைப்பவர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. நம் மீன் குழம்பு நிறையச் சோற்றில் பிசைய வேண்டும் என்ற கணக்கில் உப்பும் புளியும் தூக்கலாக வைக்கப்படுவது. சோறு குறையும்போது குழம்பின் உப்பு, புளி, மிளகாய் மூன்றையும் தளர்த்த வேண்டும்; இல்லையென்றால் நாக்கு எரிந்து மீண்டும் சோற்றைத் தேடும், இரத்த அழுத்தமும் ஏறும்.

சோறு இல்லாமலே நிற்கும் பண்டங்களும் இந்தப் பகுதியில் பழகியவைதான். மீனை அவித்து உதிர்த்து வெங்காயம், இஞ்சி, பூண்டோடு வதக்கும் புட்டு, இறால் தொக்கு, நண்டு ரசம், முட்டைப் பொடிமாஸ் ஆகியவற்றில் மாவு இல்லை. கறுப்புக் கொண்டைக்கடலை நூறு கிராமில் சுமார் 19 கிராம் புரதமும் 25 கிராம் நாரும் இருப்பதால் சுண்டல் மாலைப் பசிக்கு பிஸ்கெட்டைவிடப் பலமடங்கு நல்லது. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடற்கரைச் சாலைப் பக்கம் கொண்டுவந்த அத்தோவைக்கூட விட வேண்டியதில்லை. மைதா நூடுல்ஸைப் பாதியாக்கி, முட்டைக்கோஸையும் வெங்காயத்தையும் இரட்டிப்பாக்கி, அவித்த முட்டை சேர்த்து, வாழைத்தண்டு சூப்போடு சாப்பிட்டால் அது வேறு உணவாகிவிடும். காலையில் நான்கு இட்லிக்குப் பதில் பாசிப்பயறு அடை ஒன்றும் முட்டை ஒன்றும். தயிர்ச் சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்குப் பொடியாகத் துருவி ஆவியில் வேகவைத்த காலிஃபிளவரில் பாதியும் சோற்றில் பாதியுமாகக் கலந்த தயிர்ச் சோறு. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரைதான். அவற்றை மாற்று என்று கருதக் கூடாது.

சாப்பிடும் வரிசையும் உதவுகிறது. காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று உண்டபோது, ஒரு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை 37 விழுக்காடு குறைவாக இருந்ததை 2015-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. 11 பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான் என்றாலும் காரணம் விளங்கக்கூடியது: புரதமும் நாரும் முதலில் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. மீனையும் பொரியலையும் முதலில் தின்று, சோற்றைக் கடைசியில் தொடுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

உழைப்பவருக்குச் சோறு வேண்டாமா?

துறைமுகத்தில் மூட்டை சுமந்த தலைமுறைக்கு இந்தக் கேள்வி நியாயமானது. அவர்கள் உண்ட மாவுச்சத்தைத் தசை அன்றன்றே எரித்தது. ஆனால் சென்னைத் துறைமுகத்தில் 1983-இலேயே கன்டெய்னர் முனையம் வந்துவிட்டது. சுமைகளைக் கிரேன் தூக்குகிறது. அதை இயக்குபவர் உட்கார்ந்திருக்கிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கும் லாரி ஓட்டுநர் மணிக்கணக்காக இருக்கையை விட்டு அசைவதில்லை. அவருக்குக் கையெட்டும் உணவு சர்க்கரை போட்ட டீ, பிஸ்கெட், பரோட்டா. திருவொற்றியூர், மணலி ஆலைகளில் இரவுப் பணி பார்ப்பவருக்கு உடலின் நேரமும் உணவின் நேரமும் பிசகிப்போகின்றன. நெடுங்கால ஷிப்ட் வேலைக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. உழைப்பு மாறிவிட்டது; தட்டு மட்டும் பழைய உழைப்பின் அளவிலேயே நிற்கிறது. இன்றும் வலை இழுப்பவருக்கும் சுமை தூக்குபவருக்கும் கொஞ்சம் கூடுதல் சோறு பொருந்தும். மற்றவர்கள் தம் தாத்தாவின் உழைப்பைச் சாக்காகக் காட்ட முடியாது. இரவு ஷிப்ட்டுக்கு எடுத்துப்போகும் டப்பாவில் எலுமிச்சைச் சோற்றுக்குப் பதில் இரண்டு அவித்த முட்டையும் சுண்டலும் வேர்க்கடலையும் இருந்தால் விடியற்காலைக் கேன்டீன் பரோட்டாவின் இழுப்பு தானே தளரும்.

விலையும் கடலும்

வஞ்சிரம், வவ்வால் விலையை வைத்துப் பார்த்தால் இது பணக்காரர் வைத்தியம் என்று தோன்றும். மத்தியும் நெத்திலியும் மலிவானவை. இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பு அவற்றில் குறைவில்லாமல் இருக்கிறது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் அப்போது மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கு முட்டையும் பயறும் ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பும் கைகொடுக்கும். கருவாட்டை மட்டும் தொட்டுக்கொள்ளும் அளவில் நிறுத்த வேண்டும். அதன் உப்பு சிறுநீரகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆகாது. மீனைப் பாமாயிலில் மூழ்க வறுப்பதையும் வாரத்தில் ஒரு நாளோடு விட்டுவிடலாம்.

எண்ணூர்க்காரர்களின் கேள்வி இதைவிடக் கடினமானது: எங்கள் மீனை நம்பித் தின்னலாமா? அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் கலந்த கழிமுகம் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது அங்கே எண்ணெயும் படர்ந்தது. அதன் மீன்களிலும் சேற்றிலும் கன உலோகங்களை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆகவே கழிமுகத்தின் மட்டி, நண்டு, சேற்று மீன் ஆகியவற்றைத் தவிர்த்து, ஆழ்கடலில் பிடித்த சிறு மீன்களை நாடுவதே அறிவுடைமை. சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்வதால் அவற்றை எப்போதாவது மட்டும் உண்ணலாம். கர்ப்பிணிகள் தொடாமலிருப்பது நல்லது. கழிமுகத்தைத் தூய்மையாக்குவது சூழல் பிரச்சினை மட்டுமாக இருந்த காலம் போய்விட்டது. கையருகில் கிடைக்கும் மலிவான புரதத்தை மாசு மக்களிடமிருந்து பறிக்கிறது. எனவே நீரிழிவுத் தடுப்பிலும் அந்தத் தூய்மைப் பணிக்கு இடம் உண்டு.

மருந்து எடுப்பவர்கள் கவனிக்க

மாவுச்சத்தைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் பேசியாக வேண்டிய மூன்று பிரிவினர் இருக்கிறார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு அதன் அறிகுறிகள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உணவு மாற்றம் வேலை செய்கிறது என்பதாலேயே மருந்தின் அளவும் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கிறது.

தட்டை நிரப்புவது அரசும்தான்

இவ்வளவும் தனிமனிதர் மனவுறுதியால் மட்டும் நடக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2011 முதல் ரேஷனில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களின் இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், தயிர் சாதம் எல்லாமே மாவுச்சத்தின் வெவ்வேறு வடிவங்கள். பசியை ஒழித்த திட்டங்கள் இவை. அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் பசியைத் தீர்க்கக் கண்ட கணக்கு நோயைத் தடுக்கப் போதாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் அரசு, அதே வீட்டுக்கு இரண்டு கிலோ பருப்பும் அம்மா உணவகத்தில் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு முட்டையும் தர முடியும். அதற்கு ஆகும் செலவை, ஆண்டுதோறும் கூடும் மாத்திரைச் செலவோடும் டயாலிசிஸ் செலவோடும் ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டிய நேரம் இது.