மேட்ச் பார்க்க வாரக்கணக்கில் கூடாரத்தில் தூங்கும் மாணவர்கள்... டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரூன் அரங்கத்தில் அப்படி என்ன இருக்கு?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், டர்ஹாம் நகரம். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இங்கே இரவு நேரக் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். அந்தக் குளிரில், டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் ஹாஸ்டல் அறையை விட்டுவிட்டு, புல்தரையில் கூடாரம் போட்டு வாரக்கணக்கில் தூங்குவார்கள். போராட்டமா? இல்லை. ஒரே ஒரு பாஸ்கெட்பால் மேட்ச் பார்க்கத்தான்!

அவர்கள் காத்திருப்பது கேமரூன் இண்டோர் ஸ்டேடியத்தின் வாசலில். மொத்த இருக்கைகள் வெறும் 9,314. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரிய அரங்கங்களோடு ஒப்பிட்டால் இது சின்ன இடம். ஆனால் எதிரணி வீரர்கள் அதிகம் பயப்படும் அரங்கம் எது என்று கேட்டால், முதலில் வரும் பெயர்களில் இதுவும் ஒன்று.

இந்த அரங்கத்துக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. இதை வரைந்த பொறுப்பில் இருந்தவர் ஒரு கருப்பினக் கட்டடக் கலைஞர். அவர் உயிரோடு இருந்தவரை, அவருடைய இனத்தைச் சேர்ந்த ஒரு மாணவர்கூட இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. அந்தக் கதையையும் சேர்த்தே விரிவாகப் பார்க்கலாம்.

எப்போது, எப்படிக் கட்டப்பட்டது?

டியூக் பல்கலைக்கழகம் புகையிலைப் பணத்தில் வளர்ந்தது. டிரினிட்டி கல்லூரி என்ற பெயரில் இருந்த நிறுவனத்துக்கு, புகையிலைத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த ஜேம்ஸ் புக்கானன் டியூக் 1924-ல் பெரும் நிதியை வழங்கினார். அதன் பிறகு அது டியூக் பல்கலைக்கழகம் ஆனது. கோதிக் பாணியில் கல் கட்டடங்களோடு புதிய வளாகம் எழுந்தது.

கூடைப்பந்துக்குத் தனி அரங்கம் வேண்டும் என்ற யோசனை 1930-களில் வந்தது. 1935-ல் கூடைப்பந்துப் பயிற்சியாளர் எடி கேமரூனும், அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் வாலஸ் வேடும் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தீப்பெட்டி அட்டையின் மேல் முதல் படத்தைக் கிறுக்கினார்கள் என்று டியூக்கில் சொல்வார்கள். இது உண்மையா, கட்டுக்கதையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

முதலில் யோசித்தது சுமார் 5,000 இருக்கைகள். பிறகு 8,000 வேண்டும் என்றது பல்கலைக்கழகம். கட்டட நிறுவனத்துக்கே அது கொஞ்சம் ஜாஸ்தியாகத் தெரிந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் புதிய ஜிம்மிலேயே 1,600 பேருக்குத்தான் இடம், ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற பலஸ்ட்ரா அரங்கத்திலேயே சுமார் 9,000 பேர்தான் உட்காரலாம், இங்கே 8,000 என்பது தாராளம் என்ற தொனியில் பதில் போனது. இன்று அதே அரங்கத்தைத்தான் எல்லோரும் "ரொம்பச் சின்னது" என்கிறார்கள்!

கட்டுமானச் செலவு 4 லட்சம் டாலர். இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், கூடைப்பந்து அரங்கத்தின் கடனை அடைக்கக் கைகொடுத்தது ஃபுட்பால் அணி சம்பாதித்த பணம். ரோஸ் பவுல், சுகர் பவுல் போன்ற பெரிய ஃபுட்பால் போட்டிகளில் ஆடியதால் வந்த வருமானம் இதற்குப் போனது.

1940 ஜனவரி 6-ஆம் தேதி அரங்கம் திறக்கப்பட்டது. முதல் மேட்ச் பிரின்ஸ்டன் அணியுடன். டியூக் 36-27 என்று ஜெயித்தது. பார்க்க வந்த கூட்டம் சுமார் 8,000 பேர். ஃபிலடெல்ஃபியாவுக்குத் தெற்கே இவ்வளவு பெரிய கூடைப்பந்து அரங்கம் அன்று வேறு இல்லை.

வரைந்தது யார்?

கட்டடப் பணி ஃபிலடெல்ஃபியாவின் ஹோரஸ் ட்ரம்பவர் நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஜூலியன் ஏபெல். 1881-ல் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1902-ல் கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர். அந்தத் துறையில் பட்டம் வாங்கிய முதல் கருப்பின மாணவர் அவர்தான்.

டியூக்கின் மேற்கு வளாகம், வானுயரக் கோபுரம் கொண்ட டியூக் சாப்பல், இந்த உள்ளரங்கம் எல்லாமே அவர் தலைமையில் உருவான வடிவமைப்புகள். ஆனால் பெயர் நிறுவனத்துக்கு. வளாகத்தில் நடந்த மாணவர்கள் பலருக்கு ஏபெல் என்று ஒருவர் இருந்ததே பல ஆண்டுகள் தெரியாது.

அப்போது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இனப் பிரிவினைச் சட்டங்கள் அமலில் இருந்தன. பள்ளி, பேருந்து, உணவகம் என எல்லாமே வெள்ளையருக்குத் தனி, கருப்பினத்தவருக்குத் தனி. டியூக்கும் வெள்ளையருக்கு மட்டுமே இடம் கொடுத்தது. ஏபெல் 1950-ல் இறந்தார். அவர் வரைந்த வகுப்பறைகளில் கருப்பின இளநிலை மாணவர்கள் உட்கார, அதற்குப் பிறகும் 13 ஆண்டுகள் ஆனது.

பூட்டிய கதவுக்குள் நடந்த மேட்ச்

அதே டர்ஹாம் நகரில் கருப்பின மாணவர்களுக்கென ஒரு கல்லூரி இருந்தது. இன்று அதன் பெயர் வட கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம். அதன் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன். இவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்திடமே பாடம் கற்றவர். ஆனால் கருப்பினத்தவர் என்பதால் அங்கே அணியில் ஆட முடியவில்லை.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரே சர்ச்சில் இருந்த நேரம். டியூக் மருத்துவக் கல்லூரி மாணவர்களின் அணி சுற்று வழியில் காரில் கிளம்பி, முகத்தை மறைத்துக்கொண்டு மெக்லெண்டனின் கல்லூரி ஜிம்முக்குள் நுழைந்தது. கதவுகள் பூட்டப்பட்டன. பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. வெளியே தெரிந்தால் இரண்டு தரப்புக்கும் ஆபத்து.

மெக்லெண்டனின் அணி 88-44 என்று ஜெயித்தது. சரியாக இரண்டு மடங்கு! அதோடு முடியவில்லை. வீரர்களைக் கலந்து இரண்டு அணியாகப் பிரித்து இன்னொரு மேட்ச்சும் ஆடினார்கள். வெள்ளையரும் கருப்பினத்தவரும் ஒரே அணியில். அன்று அந்த ஊரில் அது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

விஷயம் தெரிந்த உள்ளூர் செய்தியாளர்கூட வாயைத் திறக்கவில்லை. 50 ஆண்டுகளுக்கும் மேல் ரகசியமாகவே இருந்த இந்த மேட்ச்சை, வரலாற்றாசிரியர் ஸ்காட் எல்ஸ்வொர்த் 1996-ல் எழுதி வெளியே கொண்டுவந்தார்.

மாற்றம் எப்போது வந்தது?

1961-ல் முதுநிலை, தொழிற்கல்விப் பிரிவுகளில் கருப்பின மாணவர்களைச் சேர்க்க டியூக் முடிவெடுத்தது. 1963-ல் ஐந்து கருப்பின மாணவர்கள் இளநிலையில் சேர்ந்தார்கள். டியூக் கூடைப்பந்து அணியின் முதல் கருப்பின வீரர் சி.பி. கிளைபோர்ன். 1965-ல் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், 1966-67 சீசனில் முதன்மை அணியில் ஆடினார். அரங்கம் திறந்து அப்போது 26 ஆண்டுகள் ஓடியிருந்தன.

ஏபெலின் பெயர் வெளியே வந்தது 1986-ல். தென்னாப்பிரிக்காவின் இனவெறி ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் வளாகத்தில் குடிசைகள் போட்டுப் போராடினார்கள். "அழகான வளாகத்தைக் குடிசை கெடுக்கிறது" என்று ஒருவர் மாணவர் பத்திரிகையில் குறைப்பட்டார். அதற்கு ஒரு மாணவி பதில் எழுதினார். இந்த வளாகத்தை வடிவமைத்தவர் என் குடும்பத்துப் பெரியவர், இனவெறியால் பாதிக்கப்பட்ட அவர் இந்தப் போராட்டத்தை ஆதரித்திருப்பார் என்பது அவருடைய வாதம். அவர் ஏபெலின் உறவுவழிப் பேத்தி.

அதன் பிறகு 1989-ல் ஏபெலின் உருவப்படம் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டது. 2016-ல் வளாகத்தின் மையத் திடலுக்கு 'ஏபெல் குவாட்' என்று பெயர் சூட்டினார்கள்.

'கேமரூன்' என்ற பெயர் எப்படி வந்தது?

முதல் 32 ஆண்டுகள் இதன் பெயர் வெறும் 'டியூக் இண்டோர் ஸ்டேடியம்'. எடி கேமரூன் பயிற்சியாளராகவும், பிறகு விளையாட்டுத் துறை இயக்குநராகவும் நீண்ட காலம் பணியாற்றியவர். அவர் ஓய்வு பெறும் ஆண்டில், 1972 ஜனவரி 22-ல் அரங்கத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அன்றைய மேட்ச்சில் டியூக், நாட்டின் 3-ஆம் இடத்தில் இருந்த வட கரோலினா அணியை 76-74 என்று வீழ்த்தியது. பெயர் சூட்டு விழாவுக்கு இதைவிடப் பெரிய பரிசு வேண்டுமா?

உள்ளே இருக்கும் ஆடுகளத்துக்குத் தனிப் பெயர் உண்டு: 'கோச் கே கோர்ட்'. 1980 முதல் 2022 வரை 42 சீசன்கள் டியூக்கின் பயிற்சியாளராக இருந்த மைக் ஷெஷெவ்ஸ்கியின் பெயர் அது. டியூக்கில் அவருடைய 500-வது வெற்றியை ஒட்டி 2000 நவம்பரில் சூட்டப்பட்டது. அவர் காலத்தில் டியூக் ஐந்து முறை தேசிய சாம்பியன் ஆனது: 1991, 1992, 2001, 2010, 2015.

உள்ளே என்ன வசதிகள் இருக்கின்றன?

வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டு அரங்கம் மாதிரியே இருக்காது. வளாகத்தின் மற்ற கட்டடங்களைப் போலக் கல் சுவர்தான். 1980-களின் பிற்பகுதியில் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டபோது மரப் பலகைச் சுவர், பித்தளைக் கைப்பிடி, எலக்ட்ரானிக் ஸ்கோர்போர்டு எல்லாம் வந்தன. இருக்கைகள் 9,314 ஆனதும் அப்போதுதான்.

ஏசி? அது 2002-ல்தான் வந்தது. அதுவரை 62 ஆண்டுகள் ஆயிரக்கணக்கான பேர் புழுக்கத்தில்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். 2016-ல் முன்புற நுழைவுப் பகுதி விரிவாக்கப்பட்டது. பக்கத்திலேயே டியூக் கூடைப்பந்து அருங்காட்சியகமும், பயிற்சி மையமும் இருக்கின்றன. ஆண்கள், பெண்கள் கூடைப்பந்து மட்டுமல்ல, வாலிபால், மல்யுத்தப் போட்டிகளும் இங்கே நடக்கின்றன.

ஆனால் இந்த அரங்கத்தின் உண்மையான வசதி வேறு. அது மாணவர்கள் நிற்கும் இடம். பொதுவாக ஆடுகளத்துக்கு மிக அருகில் உள்ள இருக்கைகள் பெரும் பணம் கொடுப்பவர்களுக்குப் போகும். இங்கே தலைகீழ். பணக்கார நன்கொடையாளர்கள் பலருக்கு இடம் மேல் தளத்தில். கீழே, ஆடுகளத்தை ஒட்டிய மர பெஞ்சுகள் மாணவர்களுக்கு. சுமார் 1,200 இளநிலை மாணவர்கள் மேட்ச் முழுக்க நின்றுகொண்டே குதிப்பார்கள். பந்தை உள்ளே எறிய வரும் எதிரணி வீரருக்கும் மாணவர்களின் கைகளுக்கும் நடுவே சில அடிகள்தான் இடைவெளி. இவர்களுக்குப் பெயரே 'கேமரூன் கிரேஸிஸ்'!

கூடாரம் எதற்கு?

இளநிலை மாணவர்களுக்கு டிக்கெட் இலவசம். முதலில் வருபவருக்கு முதல் இடம். அதனால்தான் வரிசை. 1986-ல் வட கரோலினா அணியுடனான மேட்ச்சுக்குச் சில மாணவர்கள் முன்கூட்டியே கூடாரம் போட்டார்கள். அது பழக்கமாகி, பயிற்சியாளர் பெயரிலேயே 'ஷெஷெவ்ஸ்கிவில்' என்ற ஊராகிவிட்டது. சுருக்கமாக 'கே-வில்'.

விதிமுறைகளும் கறார். ஒரு கூடாரத்துக்கு அதிகபட்சம் 12 பேர். மிகக் கடினமான கட்டத்தில் இரவு பெரும்பாலானோர் அங்கேயே தூங்க வேண்டும். மாணவர் நிர்வாகிகள் எந்த நேரத்திலும் ஆள் எண்ண வருவார்கள். ஆள் குறைந்தால் இடம் போச்சு! கடும் குளிர், பனி நேரங்களில் மட்டும் சலுகை உண்டு. முதுநிலை மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார இறுதி முகாமும், அதன் பிறகு குலுக்கலும் நடக்கும்.

எல்லை மீறவில்லையா?

மீறியிருக்கிறார்கள். 1984-ல் எதிரணி வீரர் ஒருவரை மாணவர்கள் மிக மோசமாகக் கேலி செய்தது தேசியச் செய்தியானது. பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்ஃபோர்ட், வீட்டுப் பெரியவர் கண்டிப்பது போல மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கேலி செய்யுங்கள், ஆனால் ஆபாசம் வேண்டாம் என்பது சாரம். அடுத்த மேட்ச்சுக்கு மாணவர்கள் தலையில் தேவதைகள் மாதிரி ஒளிவட்டம் மாட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவர் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் திட்டுவதற்குப் பதில், "நாங்கள் பணிவுடன் மாறுபடுகிறோம்" என்று கோஷம் போட்டார்கள்!

பெரிதாகக் கட்டியிருக்கலாமே?

நியாயமான கேள்விதான். சுமார் 15 கி.மீ. தூரத்தில் இருக்கும் பரம எதிரி வட கரோலினா பல்கலைக்கழகம், 1986-ல் 21,000-க்கும் மேற்பட்டோர் உட்காரும் டீன் ஸ்மித் சென்டரைத் திறந்தது. நன்கொடையாளர்கள் பணத்தில் எழுந்த அந்த அரங்கத்தில் நல்ல இடங்கள் அவர்களுக்கே போயின. சத்தம் குறைந்துவிட்டது என்ற விமர்சனம் பல ஆண்டுகள் அந்த அரங்கத்தைத் துரத்தியது.

டியூக்கில் 1990 முதல் ஆண்கள் அணியின் மேட்ச்சுகள் ஹவுஸ்ஃபுல். இன்னும் 10,000 இருக்கை போட்டாலும் விற்றுவிடும். ஆனால் கூரை உயர்ந்து, கூட்டம் தள்ளிப் போனால், மாணவர் சத்தம் ஆடுகளத்துக்கு வருவதற்குள் கரைந்துவிடும். டிக்கெட் வருமானத்தை விட்டுக்கொடுத்து சத்தத்தைக் காப்பாற்றியிருக்கிறது பல்கலைக்கழகம் என்று சொல்லலாம். இடம் குறைவு என்பதால் கிராக்கியும் ஏறுகிறது. 2019 பிப்ரவரி 20-ல் வட கரோலினாவுடன் நடந்த மேட்ச்சுக்கு வெளிச் சந்தையில் ஒரு டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. முன்னாள் அதிபர் ஒபாமாவும் வந்திருந்தார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் நட்சத்திர வீரர் சயான் வில்லியம்சனின் ஷூ கிழிந்து, அவர் காயத்துடன் வெளியேறியது உலகச் செய்தியானது.

இந்தச் சத்தம் எப்போதும் வெற்றி தரும் என்றும் சொல்ல முடியாது. அந்த 2019 மேட்ச்சில் டியூக் 88-72 என்று தோற்றது. 2022 மார்ச் 5-ல், ஷெஷெவ்ஸ்கியின் கடைசி உள்ளூர் ஆட்டத்திலும் அதே வட கரோலினா 94-81 என்று ஜெயித்துவிட்டுப் போனது.

ஒரே பார்வையில்...

* இடம்: டியூக் பல்கலைக்கழகம், டர்ஹாம், வட கரோலினா
* திறப்பு: 1940 ஜனவரி 6
* வடிவமைப்பு: ஹோரஸ் ட்ரம்பவர் நிறுவனத்தின் ஜூலியன் ஏபெல்
* செலவு: 4 லட்சம் டாலர்
* இருக்கைகள்: 9,314
* இப்போதைய பெயர்: 1972 முதல்
* ஏசி வசதி: 2002 முதல்

அடுத்த முறை டிவியில் நீல வண்ணம் பூசிய முகங்களோடு மாணவர்கள் குதிக்கும் அந்தச் சின்ன அரங்கத்தைப் பார்த்தால், அதில் நிற்பவர்களின் நிறத்தையும் கவனியுங்கள். 1940-ல் முதல் மேட்ச் நடந்தபோது, அந்த மாணவர் வரிசையில் ஒரு கருப்பின முகம்கூட இருந்திருக்க முடியாது. இன்று அதே பெஞ்சில் எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். கட்டடம் பெரிதாக மாறவில்லை. உள்ளே வர யாருக்கு உரிமை உண்டு என்பதுதான் மாறியிருக்கிறது.