பாம்புக்கடியின் வானிலை

கோஸ்டாரிகாவின் கரீபியக் கரையோரத் தாழ்நிலங்களில் வாழைத்தோட்டத் தொழிலாளர்கள் அதிகம் அஞ்சும் பாம்பு டெர்சியோபெலோ. குழிவிரியன் வகையைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் போத்ராப்ஸ் ஆஸ்பர். அந்தச் சிறிய நாட்டில் ஆண்டுக்கு 500 பேருக்கு மேல் பாம்புக்கடிக்கு ஆளாகிறார்கள். அதில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரு பாம்பின் வேலை. ஆனால் கடிகள் எல்லா ஊரிலும் எல்லா மாதத்திலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. எங்கே, எப்போது கூடும் என்பதைச் சூழல்தான் தீர்மானிக்கிறது.

முதலில் பாம்பின் இயல்பைப் பார்ப்போம். டெர்சியோபெலோ இரையைத் துரத்தாது. இரவில் ஓரிடத்தில் சுருண்டு காத்திருக்கும். கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையிலுள்ள குழி, நெருங்கிவரும் எலியின் உடல்வெப்பத்தை இருட்டிலும் காட்டிக்கொடுக்கும். பழுப்பு உடலிலுள்ள முக்கோணக் கோலங்கள் சருகோடு சருகாக அதை மறைத்துவிடும். அந்த மறைவை நம்பி அது அசையாமல் கிடக்க, மனிதர் அருகில் காலை வைத்துவிடுகிறார். கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும் விழுவது இதனால்தான்.

இந்தப் பாம்புக்கு ஈரம் வேண்டும், வெப்பமும் வேண்டும். எனவே மழை மிகுந்த தாழ்நிலங்களில் கடிகள் குவிகின்றன. மலையேற ஏறக் குறைகின்றன. காட்டை அழித்தால் பாம்பு போய்விடும் என்ற எண்ணமும் இங்கே பலிக்காது. காடு தோட்டமானாலும் இது அங்கேயே தங்கிவிடும். தோட்டத்தில் எலி பெருகுகிறது. கழித்துப்போட்ட இலைக்குவியல் ஒளிய இடம் தருகிறது. இனப்பெருக்கமும் சாமானியமானதல்ல: முட்டையிடாமல் நேரே குட்டிகளை ஈனும் இந்தப் பாம்பு, சில சமயம் ஒரே ஈற்றில் 80க்கு மேல் ஈன்றுவிடும். பிறந்த குட்டிக்கும் நஞ்சு உண்டு.

பசிபிக் கடலின் வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. 2005 முதல் 2013 வரையிலான கோஸ்டாரிகாவின் பாம்புக்கடிப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், எல் நினோவின் வெப்பக் கட்டத்திலும் லா நினாவின் குளிர்க் கட்டத்திலும் கடிகள் கூடுவதைக் கண்டார்கள். எதிரெதிர்க் காலங்களில் ஒரே விளைவு எப்படி? வெப்பக் கட்டத்தில் இரை அருகி, பாம்பு அதைத் தேடி அலைவதும், குளிர்க் கட்டத்தில் இரை மிகுந்து பாம்புகளும் பெருகுவதும் காரணமாகலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். பாம்பு தன் உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத உயிரினம். வெளிவெப்பம் மாறினால் அதன் நடமாட்டமும் மாறும்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வறுமையும் மோசமான குடியிருப்பும் உள்ள பகுதிகளில் கடிகள் அதிகம். வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்கும், எலி நுழையும் சுவருக்குள் உறங்குபவருக்கும்தான் ஆபத்து முதலில் வருகிறது.

இத்தனை கடிகள் நிகழ்ந்தும் இன்று அங்கே உயிரிழப்போர் மிகச் சிலரே. 1970இல் தொடங்கப்பட்ட கிளோடோமிரோ பிகாடோ நிறுவனம் நஞ்சுமுறி மருந்தை உள்நாட்டிலேயே தயாரிப்பதும், பொது மருத்துவமனைகளில் அது கிடைப்பதும் முக்கியக் காரணங்கள். கடி கூடும் இடமும் காலமும் தெரிந்தால், எந்தச் சுகாதார நிலையத்தில் மருந்தை முன்கூட்டியே இருப்பு வைப்பது, எந்தத் தோட்டத்துக்கு முதலில் ரப்பர் பூட்ஸ் கொடுப்பது என்று முடிவுசெய்யலாம். பாம்பைக் கொன்று தீர்ப்பதைவிட இது மலிவு, பலனும் கூடுதல்.