வேப்பமரத்தடியில் நின்ற கார்

போன ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறி வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக் கொண்டு போன என் கணவர், பதினோரு மணிக்கு வெறும் பையோடு திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "கறி எங்கீங்க?" என்று கேட்டால், "கறி கெடக்குது விடு, ஒரு கார் பாத்துட்டு வந்திருக்கறேன்" என்கிறார். மசாலா வதக்கிக் கொண்டிருந்த நான் அடுப்பை அணைத்து விட்டு வந்து நின்றேன்.

எங்களிடம் கார் இல்லாமல் இல்லை. பழைய மாருதி 800 ஒன்று இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான். கடைக்குத் துணி மூட்டை ஏற்றவும், கோயில் குளம் போகவும் அது போதும். இவர் பார்த்து வந்ததோ ஜெர்மனி கம்பெனிக் கார். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். 2009ல் வாங்கும்போது 35 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்களாம். இப்போது 3 லட்சத்துக்குத் தருகிறார்களாம்.

"மூணு லட்சங்க்றது இன்னிக்குச் சின்னக் காருக்குக்கூடப் பத்தாது அம்மிணி. இது ராஜா வண்டி!" என்று கையை விரித்துக் காட்டினார்.

வீட்டில் பணம் இருக்கிறது என்பதுதான் வினையே. நாற்பது மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போட்ட சீட்டு, ஆடியில்தான் முடிந்து கைக்கு வந்திருந்தது. பெரியவள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் காலேஜுக்கு என்று வைத்த பணம் அது. "காலேஜுக்கு இன்னும் பத்து மாசம் இருக்குதல்ல, அதுக்குள்ள பொரட்டிக்கலாம்" என்றார். பொரட்டுகிற கதை எனக்குத் தெரியாதா?

சரி, அத்தை ஒரு சத்தம் போட்டால் அடங்கி விடுவார் என்று என் மாமியாரைப் பார்த்தேன். அத்தை கண்ணைத் துடைத்துக் கொண்டிருந்தார்! அது யாருடைய கார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் மாமனார் இருபது வருஷம் கணக்கு எழுதிய ரைஸ்மில் முதலாளியின் கார். முதலாளி 2021ல் காலமாகி விட்டார். என் கணவர் சிறுவனாக இருந்தபோது அப்பாவுக்குச் சோறு கொண்டு போவாராம். மில் வாசலில் நிற்கும் காரைத் தொட்டால் டிரைவர் விரட்டுவாராம். அது வேறு பழைய கார். ஆனால் இவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

"மொதலாளி வூட்டுக் காரு நம்ம வாசல்ல நின்னா, உங்க மாமன் மேல இருந்து பாப்பாரு கண்ணு" என்றார் அத்தை. இதற்கு நான் என்ன பதில் சொல்வேன்?

தோழியரே, உண்மையைச் சொல்லி விடுகிறேன். எனக்கும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. தை மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். மண்டப வாசலில் அந்தக் கார் போய் நிற்பதும், நான் பட்டுப்புடவையோடு இறங்குவதும், என்னை ஒரு காலத்தில் ஏளனமாகப் பார்த்த இரண்டு பேர் வாயைப் பிளப்பதும் வரிசையாகக் கண் முன்னால் வந்தது. அந்த இரண்டு பேரும் யார் என்று இங்கே எழுத முடியாது. அவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள்!

மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். பங்களாவின் பின்பக்கம், வேப்பமரத்தடியில் நின்றது. 2020ல் ஊரடங்கின்போது நிறுத்தியதாம், அப்புறம் எடுக்கவே இல்லை. கறுப்பு வண்டி சாம்பல் நிறத்தில் இருந்தது. டயர்கள் நான்கும் தரையோடு அமர்ந்து விட்டன. மேலே சருகும் வேப்பம்பழமும் கொட்டிக் கிடந்தன. அத்தனைக்கும் நடுவில், கதவைத் திறந்தால் தோல் சீட்டு! இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கொண்டு பத்து வயசுப் பையனாகி விட்டார்.

எனக்கோ உள்ளே உட்கார்ந்ததும் ஒரு வாசம். ஐப்பசி மழையில் காயாத துணியை மடித்து வைத்தால் இரண்டு நாளில் ஒரு வாசம் வருமே, அதே வாசம். குனிந்து கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தை அழுத்தினேன். விரலோடு தண்ணீர் வந்தது. "ஏனுங்க, மேல கண்ணாடி மூடியிருக்குது, கதவும் மூடியிருக்குது, தண்ணி எங்கிருந்து வந்துது?" என்றேன். "ஜன்னல் தொறந்து கெடந்திருக்கும்" என்று அவர் சமாளித்தார்.

கோயம்புத்தூரில் இந்த மாதிரி வண்டிகளே பார்க்கும் மெக்கானிக் ஒருவரை என் தம்பிக்குத் தெரியும். வந்து பார்க்க 1,500 ரூபாய் கேட்டார். "பாக்கறதுக்கே ஆயிரத்து ஐநூறா?" என்று இவர் முணுமுணுத்தார். நான் என் தையல் காசில் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல செலவுகளில் அது ஒன்று.

அந்தத் தம்பி முதலில் சொன்னதே தண்ணீர் வந்த வழியைத்தான். மேற்கூரையில் திறந்து மூடும் கண்ணாடி இருக்கிறதே, அதைச் சுற்றி மழைத் தண்ணீர் வடிய சின்னக் குழாய்கள் உண்டாம். முன் கண்ணாடிக்குக் கீழேயும் வடிகால் உண்டாம். வேப்பஞ்சருகு அதை அடைத்து விட்டால் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே இறங்கி விடும். நம் மொட்டை மாடிக் குழாயில் இலை அடைத்தால் சுவரில் ஓதம் ஏறவில்லையா, அதே கதைதான். வீட்டுச் சுவரென்றால் சுண்ணாம்பு அடிக்கலாம். இந்தக் காரிலோ சீட்டுக்கு அடியிலும் கம்பளத்துக்கு அடியிலும்தான் ஒயர்களும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஓடுகின்றன. அவை ஐந்து மழைக்காலம் ஊறியிருக்கின்றன.

அப்புறம் டயர். ஓரத்தில் நான்கு எண்களைக் காட்டினார். முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எண் எந்த வருஷம் என்று அர்த்தமாம். இதில் 3116 என்று இருந்தது. அதாவது 2016ஆம் வருஷம் 31ஆவது வாரம் செய்த டயர். மேலே பார்த்தால் பூ தேயவில்லை, நல்ல டயர் மாதிரி இருக்கிறது. ஆனால் ரப்பர் ஓடாமல் நின்றாலும் கிழடு தட்டுமாம். பிரேக் ஆயிலும் அப்படித்தான், காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் கொண்டே இருக்குமாம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்றார். இதெல்லாம் எனக்குப் புதுசு. நிறுத்தி வைத்தால் தேயாமல் புதுசாக இருக்கும் என்றுதான் நான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

கையோடு கொண்டு வந்த பாட்டரியை மாட்டி, ஒரு சின்ன மிஷினைப் பொருத்தினார். திரையில் வரிசையாகக் கோளாறுகள் ஓடின. என் கணவர் முகம் வாடி விட்டது. "அண்ணா, இதுல பாதி பாட்டரி செத்துக் கெடந்ததால வர்றது, பயப்படாதீங்க. மீதிப் பாதிக்குத்தான் பயப்படணும்" என்றார் மெக்கானிக் தம்பி. பானெட்டைத் திறந்தபோது ஒரு எலி ஓடியது. அதன் குடும்பம் ஒயரையெல்லாம் பதம் பார்த்திருந்தது.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். டயர் நான்கும் 45 ஆயிரம், பாட்டரி 16, பிரேக் வேலை 35, எஞ்சினுக்கும் கியருக்கும் ஆயில் 22, பெட்ரோல் டாங்கியைக் கழுவிப் பம்ப் மாற்ற 25, தண்ணீர் பம்பும் ரப்பர் குழாய்களும் 30 ஆயிரம். கூட்டினால் 1,73,000. இது கண்ணுக்குத் தெரிந்தது மட்டும். ஈரமான பெட்டிகளைத் திறந்து பார்த்தால்தான் மற்றது தெரியும், ஏ.சி.யைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று சொல்லி விட்டார்.

"அத்தனை விலை எதுக்குத் தம்பி? வண்டியே மூணு லட்சந்தான?" என்றேன்.

"அக்கா, வண்டி விலைதான் எறங்கிப் போச்சு. சாமான் விலை எறங்கலை. கடைக்காரன் உங்ககிட்ட மூணு லட்ச ரூபா வண்டிக்குச் சாமான் விக்க மாட்டான். முப்பத்தஞ்சு லட்ச ரூபா வண்டிக்குத்தான் விப்பான்."

எனக்கு உறைத்தது. குறைந்த விலைக்கு வருகிறது என்றால் யாரோ ஒருவர் அதைக் கட்டித் தீனி போட முடியாமல் விட்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? முதலாளியாலேயே முடியவில்லையா என்று கேட்கத் தோன்றியது. அதற்கும் பதில் அன்றே கிடைத்தது.

ஆண்கள் இருவரும் காருக்கு அடியில் படுத்திருக்கையில், மொதலாளியம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு மகன்களும் வெளிநாட்டில். காபி கொடுத்து விட்டு ஒரு தடித்த ஃபைலை எடுத்து வந்தார். "அவர் போன பொறகுதான் கண்ணு இதையே நான் பாத்தேன். பிரிச்சுப் பாரு" என்றார்.

எல்லாம் காருக்கு ஆன பில். 2017ல் கியர் பெட்டி வேலைக்கு 1,86,000. 2018ல் கேட்டில் இடித்ததில் ஒரே ஒரு முன் விளக்கு, 62 ஆயிரம். 28 ஆயிரத்துக்கு ஒரு பில் இருந்தது, என்னவென்று எனக்குப் புரியவில்லை.

"அது சாவி. சட்டைப் பைய பாக்காம நாந்தான் வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன். மறுசாவி செஞ்ச காசு அது. எவ்வளவு ஆச்சுன்னு அவர் கடைசி வரைக்கும் எங்கிட்டச் சொல்லவே இல்லை" என்றார். குரல் கம்மி விட்டது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

"விக்கணுந்தான். சும்மா நின்னு வீணாப் போறதைப் பாக்க முடியலை. ஆனா உங்க மாமனாரு கணக்கு எழுதின வூடு இது. கணக்கைக் காட்டாம உங்ககிட்ட விக்கறதுக்கு எனக்கு மனசு வரலை" என்றார்.

பிறகு ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். அங்கேயும் சிக்கல். வண்டி இன்னும் காலமானவர் பெயரிலேயே இருக்கிறது. முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மகன்கள் சம்மதம் எழுதிக் கொடுத்து, அம்மா பெயருக்கு மாற்றி, அதன் பிறகுதான் எங்கள் பெயருக்கு மாற்ற முடியும். அதோடு, கார் பதிவு செய்து பதினைந்து வருஷமானால் ஆர்.சி. காலாவதி. இது 2024லேயே முடிந்து விட்டது. புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டு போய்க் காட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தையே 5,000 ரூபாய் ஆக்கியிருந்தார்கள். தாமதத்துக்கும் பசுமை வரிக்கும் தனி. அப்படிப் புதுப்பித்தாலும் ஐந்து வருஷத்துக்குத்தான். இன்சூரன்ஸும் விட்டுப் போயிருந்தது. 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே, 2022ல் நிர்ணயித்தபடி வருஷத்துக்கு 7,897 ரூபாய், அதற்கு மேல் வரி. எங்கள் 800க்கு 2,094தான். (வண்டி நம்பர் இருந்தால் பரிவாகன் இணையத்தில் ஆர்.சி., இன்சூரன்ஸ், கடன் பாக்கி எல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். எனக்கு என் மகள்தான் எடுத்துக் காட்டினாள்.)

வீட்டுக்கு வந்து நோட்டை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. "நீ எதுக்குமே ஆமான்னு சொல்ல மாட்டே" என்றார் ஒரு தடவை. அது என்னைச் சுட்டது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இந்த மனிதர் தனக்கென்று கேட்டது ஒரு வாட்ச்கூட இல்லை. பணம் நம் இருவர் பணம், ஆசை அவர் ஒருவர் ஆசை, அதை நானே நோட்டுப் போட்டுக் கொன்று விட்டேனோ என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் தோன்றியது.

நான்காம் நாள் மொதலாளியம்மாவே போன் செய்தார். "உங்களுக்குன்னா ரெண்டு லட்சத்துக்குத் தர்றேன், எம்மகன் சொல்லச் சொன்னான்" என்றார். ஒரு லட்சம் குறைந்து விட்டது! என் கணவர் முகம் மறுபடி மலர்ந்தது. எனக்கே மனம் ஆடியது. மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம்.

"அண்ணா, சும்மா குடுத்தாலும் செலவு இதேதாங்க. நீங்க வாங்கற காசைப் பாக்காதீங்க. மாசம் பத்தாயிரம் இந்த வண்டிக்குன்னு எடுத்து வெக்க முடியுமா, பாருங்க. முடியும்னா நானே நின்னு செஞ்சு தர்றேன், அருமையான வண்டி. முடியாதுன்னா உங்க வூட்டு முன்னால நிக்கும், அவ்வளவுதான்."

மாசம் பத்தாயிரம். நாற்பது மாதமாக நாங்கள் சீட்டுக்குக் கட்டிய அதே தொகை. இவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, திறக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக் கொண்டிருந்தேன். "வேண்டாம் தம்பி" என்று அவரே சொல்லிப் போனை வைத்தார்.

புரட்டாசியில் அந்தக் கார் போய் விட்டது. அதே மாடல் வைத்திருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், சாமானைக் கழற்றிக் கொள்வதற்காக வாங்கினாராம். என்ன விலைக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. லாரியில் ஏற்றும் அன்று அத்தையும் இவரும் போய்ப் பார்த்து விட்டு வந்தார்கள். வந்ததும் அத்தை நேரே பூஜை அறைக்குப் போய் விட்டார்.

இவர் மட்டும் வாசலிலேயே நின்றார். பார்த்தால், எங்கள் 800 அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயர் ஓரத்தைத் துணியால் துடைத்துக் கொண்டிருக்கிறார். "இங்க வா, இதைப் படி" என்றார். படித்தேன். 2214! எங்கள் டயர் அந்தப் பாழடைந்த காரின் டயரைவிட இரண்டு வருஷம் மூத்தது. இதில்தான் இத்தனை நாளும் குழந்தைகளை ஏற்றிக் கொண்டு பண்ணாரிக்கும் பழனிக்கும் போய் வந்திருக்கிறோம்.

மறுநாளே நான்கையும் மாற்றினோம். 11 ஆயிரத்துச் சொச்சம் ஆனது. அதற்கும் சீட்டுப் பணத்தில்தான் கை வைத்தோம்.

- ஒரு வாசகி, கோபி