காது மந்தமானால் மூளையும் மங்குமா?

"கிழவருக்குக் காது போய்விட்டது" என்று சொல்லிவிட்டு, வீட்டில் உள்ளவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். வயதானால் காது மந்தமாவது சகஜம்தானே என்று நினைப்பு.

ஆனால், காது மந்தத்துக்கும் புத்தித் தடுமாற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்று டாக்டர்கள் கூறுகிறார்கள்.

639 பேர்

அமெரிக்காவில் பால்டிமோர் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காது டாக்டர் பிராங்க் லின். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 639 பேரைப் பற்றி ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் அவர்களில் யாருக்கும் மறதி நோய் இல்லை. சுமார் 12 ஆண்டுக் காலம் அவர்களுடைய உடல்நிலை கவனிக்கப்பட்டது. 2011-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று.

காது நன்றாகக் கேட்டவர்களைவிட, லேசான மந்தம் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 2 மடங்கு இருந்தது. நடுத்தர மந்தம் உள்ளவர்களுக்கு 3 மடங்கு. அதிக மந்தம் உள்ளவர்களுக்கோ சுமார் 5 மடங்கு!

இதைப் படித்து யாரும் பயந்துவிட வேண்டாம். காது மந்தமான எல்லோருக்கும் மறதி நோய் வந்துவிடாது. காதுதான் காரணம் என்றும் இந்த ஆராய்ச்சி நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்றுதான் காட்டியது.

பாலா? காலா?

உட்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதில் மயிரிழை போன்ற நுனிகளை உடைய அணுக்கள் சுமார் 15 ஆயிரம் இருக்கின்றன. ஒலியை உணர்ந்து மூளைக்கு அனுப்புபவை இவைதான். அழிந்தால் இவை மீண்டும் முளைப்பதில்லை.

கீச்சென்ற மெல்லிய ஒலிகளை அறியும் அணுக்களே முதலில் கெடுகின்றன. அதனால் "பால்" என்றாலும், "கால்" என்றாலும் முதியவர் காதில் "ஆல்" என்றுதான் விழும். "நீ பேசுவது கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்று அவர் சொல்வது உண்மை. வீம்பு அல்ல.

விடுபட்ட எழுத்தை மூளை ஊகித்து நிரப்ப வேண்டும். நாள் முழுவதும் இதே வேலை என்றால், கேட்டதை மனதில் பதிய வைக்க மூளைக்குத் தெம்பு ஏது? பேச்சு புரியாதவர் கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறார். பேச்சுத் துணை இல்லாமல் மூளைக்கு வேலை குறைகிறது. தொடர்புக்கு இவை காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

இன்னொன்று. பாதி காதில் விழாமல் மாற்றிப் பதில் சொல்பவரை, "புத்தி பேதலித்துவிட்டது" என்று குடும்பமே முடிவு கட்டிவிடுவதும் உண்டு. இது பெரிய அநியாயம்.

கருவி உதவுமா?

இதையும் சோதித்தார்கள். 70 முதல் 84 வயது வரை உள்ள, காது மந்தமான 977 பேரை அமெரிக்காவில் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குக் காது கேட்கும் கருவி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு உடல்நலம் பற்றிய போதனை மட்டும். 3 ஆண்டு கழித்து, 2023-ல் விவரம் வெளியாயிற்று.

எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது இரு பகுதியினருக்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஆனால், முன்பே நடந்துவந்த இருதய ஆராய்ச்சி ஒன்றிலிருந்து வந்தவர்களை மட்டும் தனியே பார்த்தார்கள். இவர்கள் வயதிலும் நோய்களிலும் மற்றவர்களை மிஞ்சியவர்கள். கருவி அணிந்தவர்களுக்கு அறிவுத் திறன் குறைவது 48 சதவீதம் மட்டுப்பட்டிருந்தது!

வீட்டில் செய்யக்கூடியது

முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும். வெறும் அடைப்பு என்றால் எடுத்த உடனே காது தெளிந்துவிடும். ஊக்கு, குச்சி எதையும் உள்ளே விடக்கூடாது.

காதருகே கத்துவதில் பலன் இல்லை. சத்தம்தான் கூடும், எழுத்து தெளியாது. எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசினால் போதும். அந்த நேரத்தில் டெலிவிஷனை நிறுத்திவிட வேண்டும்.

கருவி அணிந்த முதல் நாளே எல்லாம் சரியாகிவிடாது. பாத்திரச் சத்தம்கூட இடி மாதிரி கேட்கும். பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் வெறுத்துப்போய் அலமாரியில் போட்டுவிடுகிறவர்கள் பலர்.

காதுப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை. சத்தம் இல்லாத அறையில் காதில் கருவியை மாட்டி, "பீப்" என்று கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்வார்கள். அவ்வளவுதான்.